விளம்பரத்தில் வந்த எங்கள் அறை

எங்கள் அறையை நான் ஒரு நாள் வகுப்புத் தோழி ஒருத்தியின் கைபேசியில் பார்த்தேன். விரிவுரையாளர் வரும்வரை காத்திருந்த நேரம். "இது உங்கட அறைதானே?" என்று கேட்டு அவள் கைபேசியை நீட்டினாள்.

முகநூல் விளம்பரம் அது. மாணவிகளுக்கு மட்டும் அறை வாடகைக்கு உண்டு, பல்கலைக்கழகத்துக்குப் பக்கம், நல்ல பிள்ளைகள் ஏற்கெனவே தங்கியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தது. கீழே ஒரு காணொளி. நெளுக்குளத்தில் நாங்கள் இருந்த வீட்டின் சொந்தக்கார அன்ரி பேசிக்கொண்டே போக, படம் எங்கள் கட்டில்களையும் கயிற்றில் காய்ந்த உள்ளாடைகளையும் பாதி திறந்த அலுமாரியையும் காட்டியது. கடைசியில் மேசை. அதன் மேல் ஒரு மருந்துப் பெட்டி, பெயரை வாசிக்கும் அளவுக்குத் தெளிவாக.

அது என் அறைத்தோழியின் குளிசை. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. மருந்தால் அது அடங்கிப் பல வருடங்கள். பல்கலைக்கழக வளாகத்தில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. இப்போது விளம்பரத்தின் கீழே யாரோ கேட்டிருந்தார்கள், அது வலிப்புக்குப் போடும் குளிசை அல்லவா, அந்த அறையில் இருப்பது யார் என்று.

அன்ரி கெட்டவர் இல்லை. தனியாக இருந்தார். சொதி வைத்தால் ஒரு கிண்ணம் எங்களுக்கும் வரும். ஆனால் அறைப் பூட்டுக்கு எங்களிடம் ஒரு திறப்பைத் தந்துவிட்டு இன்னொன்றைத் தன்னிடம் வைத்திருந்தார். வளாகத்திலிருந்து வந்து பார்த்தால் நான் மடித்த போர்வை வேறு விதமாக மடிந்திருக்கும். அவருடைய வீடுதானே என்று நான் எனக்கே சொல்லிக்கொள்வேன். கிளிநொச்சியில் வயல் செய்யும் என் அப்பா, என்னைக் கொண்டுவந்து விட்ட அன்றே, வீட்டுக்காரரோடு முகம் முறிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பின்னேரம் அறைத்தோழியிடம் காட்டினேன். ஒரு தரம்தான் பார்த்தாள். வேறு அறை பார்ப்போம் என்றேன். அவள் தலையை மட்டும் ஆட்டி மறுத்தாள். அடுத்த நாள் விரிவுரைக்கு வராமல் நகரத்துக்குப் போய், இலவசமாகச் சட்ட ஆலோசனை சொல்லும் ஓர் இடத்தில் விசாரித்துவிட்டு வந்தாள். வந்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு நேரே அன்ரியின் குசினிக்குப் போனாள்.

அன்ரி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அந்தக் காணொளியை அழித்துவிடும்படி இவள் மரியாதையாகக் கேட்டாள். அன்ரி நிமிரவில்லை.

"என்ர வீட்டைத்தானே பிள்ளை நான் படம் எடுத்தனான்?"

"வீடு உங்கடதான் அன்ரி. ஆனா நாங்கள் வாடகைக்கு இருக்கும்வரைக்கும் அந்த அறை எங்களுக்கு. எங்களைக் கேக்காமல் உள்ள வாறதும் படம் எடுக்கிறதும் சரியில்லை. விசாரிச்சுப்போட்டுத்தான் சொல்லுறன்."

பிடிக்கவில்லை என்றால் வேறு இடம் பார்க்கலாம் என்றார் அன்ரி. நான் தோழியின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் அசையவில்லை.

"எனக்கு வலிப்பு இருக்கு அன்ரி," என்றாள். "அந்தக் குளிசை என்ரதான்."

இத்தனை காலம் பொத்திவைத்ததை, குரல் நடுங்காமல் அவளே எடுத்து வெளியில் வைத்துவிட்டாள். பிறகு தன் குடும்பத்தைப் பற்றிச் சொன்னாள். தாத்தா தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தவர். தர்மபுரத்தில் ஒரே அறையில் ஏழு பேர். வலிப்பு வந்த நேரமெல்லாம் அயலவர்கள் வாசலில் கூடி நின்று பார்த்தார்கள்.

"எனக்கெண்டு பூட்டக்கூடின கதவு இதுதான் முதல். அதாலதான் கேக்கிறன்."

அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. நான்கு மாதம் பக்கத்துக் கட்டிலில் படுத்தவள். அன்று அந்தக் குசினியில் அவளை அண்ணாந்து பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்ரி தேங்காய்ப் பாதியைக் கீழே வைத்தார். கையைக் கழுவி, கைபேசியை எடுத்து வந்தார். "இதை எப்பிடி அழிக்கிறதெண்டு எனக்குத் தெரியாது பிள்ளை. மருமகன்தான் போட்டுவிட்டவர்." இவள் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, எங்கே தொட வேண்டும் என்று காட்டிக் கொடுத்தாள்.

மற்றத் திறப்பையும் தரும்படி அவள் கேட்டதற்கு மட்டும் அன்ரி சம்மதிக்கவில்லை. குழாய் உடைந்தால், தீப்பிடித்தால் என்ன செய்வது என்று கேட்டார். அதுவும் நியாயம்தான் என்றாள் இவள். முடிவில் திறப்பை ஒரு கடித உறைக்குள் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் குறுக்கே இருவரும் கையெழுத்து வைத்தார்கள். உறை அன்ரியின் சாமித்தட்டுக்குப் போனது.

வளாகத்தில் கதை அதற்குள் பரவிவிட்டது. கேட்டவர்களுக்கு, "ஓம், எனக்குத்தான்," என்று சொல்லிவிட்டு நடந்தாள். ஒருத்தி விலகி உட்காரத் தொடங்கினாள். இன்னொருத்தி, தன் தம்பிக்கும் அந்த வருத்தம் என்று சொல்லி, எந்த வைத்தியரிடம் காட்டுவது என்று கேட்டாள்.

அடுத்த மாதம், வாடகைக்கு விடவிருந்த பக்கத்து அறையைப் பார்க்கத் தாயும் மகளுமாக இருவர் வந்தார்கள். பிள்ளைகள் இருக்கும் அறை எப்படி என்று பார்க்கலாமா என அந்தத் தாய் கேட்பது எங்களுக்குக் கேட்டது.

"அது அவையின்ர அறை," என்றார் அன்ரி. "அவையள் சம்மதிச்சாத்தான்."

தோழி எழுந்து, கயிற்றில் கிடந்த உடுப்புகளை அள்ளி அலுமாரிக்குள் வைத்தாள். பிறகு கதவைத் திறந்து, உள்ளே வந்து பார்க்கும்படி அவர்களைக் கூப்பிட்டாள்.