பஸ்ஸில் வந்த பிரின்சிபால்

"தலைமைப் பண்பு பற்றி எங்க பிள்ளைககிட்ட அரை மணி நேரம் பேசணும்" என்று சிவகாசிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து அழைப்பு. இரண்டு மாதம் முன்பு. கூப்பிட்டவர் புது பிரின்சிபால் ஜமீலா. என்னோடு எம்.எஸ்ஸி. படித்தவர். மறுக்க முடியுமா?

விருதுநகரில் அவர் வீட்டில் இட்லியை முடித்துவிட்டுக் காரில் ஏறினால்... கார் கல்லூரிக்குப் போகாமல் நேராக வெம்பக்கோட்டைக்குப் போகிறது!

"அந்தப் பக்கத்துப் பிள்ளைக தெனமும் லேட்டா வருதுக. ஏன்னு பார்க்கணும். இங்கன இருந்து பஸ்ல போவோம்" என்றவர், காரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

பஸ்ஸா அது? பட்டாசு ஆலை ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்டாப். தூக்குச்சட்டியும் கையுமாக ஜனம் இறங்கி முடிவதற்குள்... நாங்களும் கூட வந்த மாணவ மாணவியரும் போய்ச் சேர்ந்தபோது கல்லூரி கேட் பூட்டியிருந்தது. லேட்டாக வந்தால் முதல் பீரியட் முடியும்வரை வெளியேதான்! உத்தரவில் கையெழுத்துப் போட்டவர்? என் பக்கத்தில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்ற ஜமீலாவேதான்.

வாட்ச்மேன் பதறி ஓடி வந்தார். "அம்மா, நீங்க போயி வெளிய நிக்கலாமா? வாங்க, வாங்க."

"இவுகளும் என்கூட அதே பஸ்லதானே வந்தாக? திறந்தா எல்லாருக்கும் திறங்க."

கேட் திறந்தது. நானாக இருந்தால் அந்தப் பெருமையோடு உள்ளே போயிருப்பேன். ஜமீலா நகரவில்லை. பிள்ளைகள் பக்கம் திரும்பி, "இனிமே கேட்டை அடைக்க மாட்டோம். போதுமா?" என்றார்.

ஒரு பெண் முன்னால் வந்தாள். மாரியம்மாள். வேதியியல் இரண்டாம் ஆண்டு.

"பத்தாது மேடம். மொத பீரியடே லேப். பாதியில போய் நின்னா என்ன புரியும்? போன தடவ பிராக்டிகல்ல ஃபெயிலு. இந்த வாட்டியும் போச்சுன்னா, பேசாம என்கூடப் பட்டாசுக் கம்பெனிக்கு வந்திருன்னு அப்பா சொல்லிட்டாரு."

"முந்தின பஸ்ல வரலாமே?"

"அதுல கம்பெனிக்குப் போறவுகளுக்கே எடம் பத்தாது மேடம்."

லேப்பை மதியத்துக்கு மாற்றலாமா என்று அன்றைக்கே ஆசிரியர் கூட்டம். மாரியம்மாளுக்கும் ஒரு நாற்காலி! வேதியியல் துறைத் தலைவர் கொதித்துப் போனார்.

"டைம்டேபிளப் பிள்ளைகளே போட்டுக்கிட்டா நாம எதுக்கு மேடம்? மதியம் லேப் வச்சா எம்புட்டு வெக்கை! பர்னர் எரியிறப்ப ஃபேனும் போட முடியாது."

மாரியம்மாள் எழுந்தாள்.

"வெயில் எங்களுக்குப் புதுசா சார்? நீங்க ஜன்னலோரமா ஒக்காந்து சொல்லிக் குடுங்க. நாங்க நின்னு செஞ்சுக்கிடுறோம்."

முதலில் சிரித்தது யார் தெரியுமா? துறைத் தலைவரேதான். லேப் மதியத்துக்குப் போனது.

என் அரை மணி நேரப் பேச்சை ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொண்டேன். பேசுவதற்கு என்ன மிச்சம்?

பிள்ளைகளுக்கு எது நல்லது என்று கல்லூரிகளில் கமிட்டி மேல் கமிட்டியாகப் போட்டு யோசிக்கிறார்கள். பிள்ளைகளையே கேட்டுவிட்டால்... வேலை சட்டென்று முடிந்துவிடுமே என்ற பயமோ?

இந்த வாரம் ஜமீலா போன் செய்தார். மாரியம்மாள் பிராக்டிகலில் பாஸ்! தீபாவளி சீசன், லீவு கேட்டாலே முறைக்கிற நேரம். ஆனாலும் அவளுடைய அப்பா அரை நாள் லீவு போட்டு, நன்றி சொல்ல வந்தாராம். கிளம்பும்போது வாசலில் தயங்கி நின்று கேட்டிருக்கிறார்:

"எங்க கம்பெனியிலயும் இப்பிடி எங்களக் கேட்டு நேரம் வைக்கச் சொல்லி, நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாகளா மேடம்?"

அதே கேள்வியை ஜமீலா என்னிடம் கேட்டார். நான் உங்களிடம் கேட்கிறேன்.