புறப்படுகிறவரிடம் கேட்கக் கூடாத கேள்வி

என் அக்கா ருக்மிணியின் கணவர் கோபாலசாமிக்கு விமானம் ஓட்டும் கிறுக்கு ஐம்பது வயதுக்கு மேல் பிடித்தது. எண்ணெய் கம்பெனியில் காலமெல்லாம் குழாய்களுக்கு வரைபடம் போட்ட மனிதர். லே-ஆஃப் வந்தபோது அவரோடு வெளியே வந்தவர்கள் அடுத்த வேலைக்கு அலைந்தார்கள். அத்தான் பறக்கக் கற்றுக்கொண்டு, லைசென்ஸும் வாங்கி, ஒரு பழைய குட்டி விமானத்தோடு வந்து நின்றார். மேற்கு டெக்சாஸ் பாலைவனத்து மாட்டுப் பண்ணைகளுக்குப் பம்பு சாமான், மருந்து, தடுப்பூசி என்று கொண்டுபோய்க் கொடுப்பதுதான் இப்போது அவர் பிழைப்பு. அங்கே ஓடுபாதை என்றால் கல் பொறுக்கிய மண்தரை, அவ்வளவுதான்.

எனக்கு அவரைப் பார்த்தால் பொறாமையும் வரும், எரிச்சலும் வரும். எரிச்சல்தான் அதிகம். அவர் ஜாலியாக மேலே போய்விடுவார். கேட்டி என்ற ஊரில், வீட்டில் இருந்துகொண்டு, அவர் திரும்பி வரும்வரை ஒரு வாய் நிம்மதியாகச் சாப்பிடாதவள் என் அக்கா.

அக்காவின் பயத்துக்கு ஒரு சட்டம் உண்டு. வாசல் தாண்டப் போகிறவரிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் கெடும். யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால், புறப்பட்டவர் உள்ளே திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். எங்கள் வீட்டிலும் வழிவழியாக வந்ததுதான். மளிகைக் கடைக்குக் காரில் போகும்போது யார் இதைப் பார்க்கிறார்கள்? அக்கா பார்ப்பாள். மகன் ஷ்ரேயஸ் சின்னவனாக இருந்தபோது இப்படிக் கேட்டே அப்பாவைப் பலமுறை ஷூவைக் கழற்ற வைத்திருக்கிறான். விமானம் வந்த பிறகு சட்டம் இன்னும் இறுகியது. அத்தான் "வரேன்" என்பார், அக்கா "வாங்க" என்பாள். அத்தோடு சரி.

வார நாட்களில் இதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. அவருக்கு வேலை கொடுக்கும் சிறிய அலுவலகத்துக்கு அவர் போகுமிடம் தெரியும். போன ஜூலையில் ஒரு சனிக்கிழமை, அலுவலகம் மூடியிருந்த நாளில், யாரோ ஒரு பண்ணைக்காரர் நேரே அவரையே கூப்பிட்டு, பம்பு சாமான் வேண்டும் என்றிருக்கிறார். அத்தான் தயிர்சாதமும் ஒரு டப்பா ரவா லட்டும் எடுத்துக்கொண்டு விடியற்காலையில் கிளம்பிவிட்டார். பிற்பகல் காப்பிக்கு வந்துவிடுவேன் என்றாராம்.

வரவில்லை. அக்கா என்னைக் கூப்பிட்டாள். நான் போனபோது கைப்பேசியை வைத்துக்கொண்டு கூடத்தில் நின்றிருந்தாள். விமானம் போகும் தடத்தைக் காட்டும் ஆப் அதில் திறந்திருந்தது. பேகோஸ் ஆறு வரை கோடு இருந்தது, அதற்கப்புறம் இல்லை. அவர் எப்போதும் தாழப் பறப்பார், அதனால் அந்தப் பக்கம் போனால் தடம் விட்டுப்போவது வழக்கம்தான் என்று அவளே எனக்குச் சமாதானம் சொன்னாள். குரல் மட்டும் அவள் குரலாக இல்லை.

விமானிகளுக்கான உதவி எண்ணுக்கு நான்தான் பேசினேன். விமானத்தின் எண், நிறம், எரிபொருள் எல்லாம் கேட்டார்கள். பிறகு, எங்கே போனார் என்று கேட்டார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கைப்பேசியில் அறுந்து நின்ற கோட்டைத்தான் காட்டினாள். அவர் வழக்கமாகப் போகும் ஓடுபாதைகள் மூன்று: ஒன்று ஆற்றோரம், ஒன்று மலையடி, ஒன்று உப்புத்தரை. ஒன்றுக்கொன்று வெகுதூரம். பண்ணைக்காரர்களின் எண்களெல்லாம் அத்தான் கைப்பேசியில்தான் இருந்தன. இருட்டுவதற்குள் மூன்றையும் தேட முடியாது, ஒன்றைச் சொல்லுங்கள் என்றார் அந்த மனிதர். அங்கே அன்று வெயில் நூற்றெட்டு டிகிரி. அத்தான் கொண்டுபோனது ஒரே ஒரு தண்ணீர் பாட்டில்.

தான் இருக்கும் ஊரான பார்சிப்பனியிலிருந்து ஷ்ரேயஸ் ஃபோனில் வந்தான். விஷயத்தைக் கேட்டதும், "யூ நெவர் ஆஸ்க்ட் ஹிம், அம்மா?" என்றான்.

"கேட்டா ஆகாதுன்னுதாண்டா கேக்கல" என்றாள் அக்கா.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அக்கா மேல் காட்ட முடியாது, அத்தான் எதிரில் இல்லை. சமையலறைக்குப் போய் நின்றேன். அடுப்புப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் நெய்யில் வறுத்த முந்திரி அப்படியே இருந்தது. கை சும்மா இராமல் இரண்டை எடுத்து வாயில் போட்டேன். பின்னாலேயே வந்த அக்கா என் கையையே பார்த்தாள்.

"லட்டுல முந்திரி போடாதன்னார்" என்றாள். "வறுத்தே வச்சிட்டேன், அப்புறம் வேணாம்னார். மார்லாவுக்கு முந்திரி ஆகாதுடா. உப்புத்தரைப் பண்ணைக்காரரோட வைஃப். அங்கதான் போயிருக்கார்."

உடனே உதவி எண்ணுக்கு மறுபடி பேசி, உப்புத்தரை என்று சொன்னேன். சரியாகத் தெரியுமா என்றார் ஃபோனில் இருந்தவர். லட்டை நம்பிச் சொல்கிறேன் என்று எப்படிச் சொல்வது? தெரியும் என்றேன். அப்புறம் அக்கா உட்காரவே இல்லை. கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தாள். நான் ஜன்னலில் வெயில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடம் தவறாக இருந்தால் அத்தானைக் கொன்றவன் நான் என்றுதான் ஓடியது மனசு.

வெளிச்சம் போகும் முன் ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து ஃபோன் வந்தது. கிடைத்துவிட்டார். தரையில் ஓடும்போது முன்சக்கரம் ஏதோ பிராணியின் வளையில் இறங்கி, ப்ரொபெல்லர் வளைந்து, கணுக்காலும் பிசகியிருக்கிறது. தரையிலிருந்து ரேடியோ எட்டவில்லை, கைப்பேசிக்கும் சிக்னல் இல்லை. பண்ணைக்காரரும் மார்லாவும் மகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். சாமானைக் கொட்டகையில் வைத்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்களாம்; லட்டையும் அங்கேயே வைத்துவிட்டு வரத்தான் எண்ணியிருந்தாராம். அவர்கள் திரும்ப இன்னும் இரண்டு நாள் இருந்தது. இறக்கை நிழலில் உட்கார்ந்திருந்தாராம். பாட்டிலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. டப்பாவில் லட்டும் இல்லை. அதைக் கேட்டுத்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா அப்போதுதான் அழுதாள்.

கால் சரியானதும் பறப்பதை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. அவர் மறுபடி கிளம்பிய காலையில் நானும் அங்கே இருந்தேன். ஷூவை மாட்டி, கதவைத் திறந்து, "வரேன்" என்றார் அத்தான்.

"எங்க போறீங்க?" என்றாள் அக்கா.

அவர் திரும்பிப் பார்த்தார். ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்தார். பக்கத்து மேசையில் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் முன்பே தயாராக இருந்தது.