தண்ணீர்த் தொட்டிக்கு ஆறடி

என் அண்ணன் மாதுவுக்கு முப்பத்தொரு வயது. பிறவியிலேயே காது கேளாது, பேச்சும் இல்லை. கடத்தூர் அருகே எங்களுக்கு இருக்கும் ஒன்றரை ஏக்கரில் மல்பெரி போட்டு, வீட்டை ஒட்டிய வளர்ப்பு மனையில், அடுக்குத் தட்டுகளில் பட்டுப்புழு வளர்க்கிறான். புழு கூடு கட்டத் தயாராகிவிட்டதா என்பதை, ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சொல்லிவிடுவான். பக்கத்துத் தோட்டக்காரர்களும் அவனைக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள்.

எங்கள் வீட்டில் அவனோடு பேசுவது கையால். பள்ளியில் சொல்லித்தரும் சைகை அல்ல, நாங்களே உண்டாக்கிக்கொண்டது. மூக்கைத் தொட்டால் மூக்குத்தி போட்ட அம்மா. உள்ளங்கையில் விரலால் எழுதினால் நான். வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான், பி.எஸ்சி. வேதியியல். ஏதாவது படிவமோ மருந்துச் சீட்டோ வந்தால், உள்ளங்கையில் எழுதிக் காட்டியபடி மாது என்னைத் தேடி வருவான்.

புழுக்கள் தோலுரிக்கும்போது இலை தின்னாமல், தலையைத் தூக்கியபடி அசையாமல் கிடக்கும். அப்போது ஈரம் தங்காமல் இருக்க அவற்றின் மேல் சுண்ணாம்புத் தூள் தூவ வேண்டும். மாது பழைய பனியன் துணியில் தூளை முடிந்து, தட்டித் தட்டித் தூவுவான். போன ஆவணியில் ஒருநாள் காலை, மேல் அடுக்குக்குத் தூவும்போது முடிச்சு அவிழ்ந்து, ஒரு பிடித் தூள் அவன் வலது கண்ணில் கொட்டியது.

அவன் வெளியே வந்து தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து ஓடினான். தொட்டிக்கு ஆறடி இருக்கும்போது நான் குறுக்கே விழுந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றினால் கொதிப்பதை எங்கள் ஊரில் பார்க்காதவர் இல்லை. வெள்ளையடிக்கும் நாளில் பிள்ளைகளைப் பானைப் பக்கமே விடமாட்டார்கள். அதற்கான சமன்பாட்டையும் நான் படித்திருந்தேன். விரல்களைக் குவித்துக் கொதிப்பதுபோல் ஆட்டிக் காட்டினேன். திமிறினான். என் உள்ளங்கையில் எழுதிக் காட்டினேன்: படித்தவள் சொல்கிறேன். நின்றுவிட்டான். அம்மா விளக்கெண்ணெய் விட்டாள். கார் பிடித்து சேலத்தில் கண் மருத்துவமனைக்குப் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆனது.

அங்கே ஜாஸ்மின் என்ற நர்ஸ் அவனைப் படுக்கவைத்து, பாட்டில் பாட்டிலாக உப்புநீரைக் கண்ணில் ஓடவிட்டார். நடுநடுவே இமைக்குள் ஒரு காகிதத் துண்டைத் தொட்டு நிறம் பார்த்தார். அமிலமா காரமா என்று காட்டும், கல்லூரி ஆய்வகத்தில் மூன்று வருடம் நான் கையில் பிடித்த அதே காகிதம். முதல் பாட்டில் முடிந்தும் காரத்தின் கருநீலம் மாறவில்லை. நாங்கள் தூவியது ஏற்கெனவே தண்ணீர் விட்டு நீற்றிய சுண்ணாம்பு, அது கொதிக்காது. நீற்றாத சுண்ணாம்பாக இருந்திருந்தாலும் தண்ணீரைத்தான் ஊற்றியிருக்க வேண்டும். அது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“எவ்ளோ நேரத்துல கழுவுனீங்க?” என்று கேட்டார் ஜாஸ்மின்.

“ஒடனே கழுவிட்டமுங்க,” என்றாள் அம்மா.

அவர் அதைச் சீட்டில் எழுதிக்கொண்டார். நான் திருத்தவில்லை.

மூன்று மாதம் சொட்டு மருந்து விட்டோம். வெந்த கருவிழி வெள்ளையாகவே இருந்தது. வலப்பக்கம் நின்று கையாட்டினால் அவனுக்குத் தெரியாது. அம்மாவும் நானும் இடப்பக்கம் மாறிக்கொண்டோம். கார்த்திகையில் மறுபடி சேலம் போனபோது டாக்டரம்மா சொன்னார்:

“எறந்தவங்க குடுத்த கருவிழிய வெச்சுத் தைக்கலாம். ஆனா கருவிழியச் சுத்தி இருக்கற ஓரம் வெந்து போயிருந்தா வெச்சது நிக்காது. இவருக்கு ஓரம் ரெண்டுங்கெட்டானா இருக்கு. ஒடனே கழுவுனதா எழுதியிருக்கறதால, பட்டியல்ல போடலாம்னு நெனைக்கிறேன். அவருகிட்ட கேளுங்க.”

கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, இரண்டு கைகளையும் நெஞ்சில் வைத்தேன், இறந்தவர். அங்கிருந்து எடுத்து அவன் கண்ணில் வைப்பதுபோல் காட்டினேன். மாது கொஞ்சம் யோசித்து, தன் காதைத் தொட்டுக் கையை நீட்டினான்.

“என்ன கேக்கறாரு?”

“காதும் குடுத்திருக்காங்களான்னு கேக்கறான் மேடம்.”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். “அது பக்கத்து பில்டிங்னு சொல்லுங்க.”

“எங்க போனாலும் இதே குசும்புதானுங்க இவனுக்கு,” என்றாள் அம்மா.

மாது சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தான். உள்ளங்கையில் விரலால் எழுதினான். நீ சொல், வைக்கலாமா?

நான் டாக்டரம்மா பக்கம் திரும்பினேன். “ஒடனே கழுவலைங்க மேடம். ரெண்டு மணி நேரம் ஆச்சு. அவன் தண்ணித் தொட்டிக்கு ஓடுனான். நான்தான் புடிச்சுக்கிட்டேன்.”

அவர் எழுதுவதை நிறுத்தினார். மாதுவை மறுபடி கருவிக்கு முன்னால் உட்காரவைத்து வெகுநேரம் பார்த்தார்.

“இப்ப வேணாம். ஓரம் தேறுதான்னு ஆறு மாசம் பாப்போம். தேறலன்னா மொதல்ல அதுக்கு வைத்தியம் பண்ணித்தான் இத வைக்கணும். அவசரப்பட்டா குடுத்தவங்க கண்ணும் வீணு. இத அன்னைக்கே சொல்லியிருக்கணும்மா.”

வெளியே வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள். “வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா புள்ள? பட்டியல்ல பேரப் போட்டிருப்பாங்க இல்ல?”

“போட்டு, நிக்காமப் போயிருந்தா?”

“அத அப்பப் பாத்துக்கறது. பெரிய அரிச்சந்திரன் மவ!”

பஸ்ஸில் மாதுவின் இடப்பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் காட்டினேன். தண்ணீர் சரி. நான் பிடித்தது தப்பு. ஆறு மாதம். அவன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் கண்ணுக்காகச் சொன்னேனா, என் மனம் ஆறுவதற்காகச் சொன்னேனா என்று தொப்பூர் வரை யோசித்தேன். தெரியவில்லை.

அடுத்த வாரம் புதிய புழுக்கள் தோலுரிக்கக் கிடந்தன. மாது மருத்துவமனையில் கொடுத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டான். துணியை இரண்டு முடிச்சுப் போட்டான். தொட்டியிலிருந்து ஒரு பக்கெட் தண்ணீர் கொண்டுவந்து மனை வாசலில் வைத்தான். பிறகு நேராக என்னிடம் வந்து, என் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிப்போய், பக்கெட் பக்கத்தில் நிறுத்தி, கையில் சொம்பைக் கொடுத்துவிட்டு உள்ளே போனான்.

அவன் தூவி முடிக்கும்வரை நான் அங்கேயே நின்றேன்.