பாதை கேட்காத பேராயர்

எங்கள் ஊர்ப் பேராயர் போய்விட்டார். காலை ஷிப்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில், சபை வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்தேன். மறைமலைநகரில் இறங்கி, லீவு சொல்லிவிட்டு அப்படியே திரும்பிவிட்டேன்.

குரூப்பில் எல்லோரும் கைகூப்பும் எமோஜி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது...

திருக்கழுக்குன்றம் பக்கம் எங்கள் காலனியில், கூலிக்குப் போன குடும்பத்தில் பிறந்தவர். ஹாஸ்டலில் படித்து, போதகராகி, கடைசியில் பிஷப்பே ஆனார். அப்பாவுக்குப் பெரியப்பா மகன். ஊரே "பேராயர் ஐயா" என்று எழுந்து நிற்கும்போது அப்பா மட்டும் "அண்ணாத்த" என்பார்.

எனக்குப் பெரியப்பா. நல்ல மனுஷன். அதுதான் பிரச்சினையே.

மாமல்லபுரம் பக்கம் ஒரு சபையில் போதகராக இருந்தபோது, அங்கே கல்லறைத் தோட்டத்தைக் கடல் அரித்துக்கொண்டே வந்தது. சபை ஜனங்களைக் கூட்டிக்கொண்டு போய் கலெக்டர் ஆபீஸ் வராண்டாவில் உட்கார்ந்துவிட்டார். மேட்டில் வேறு இடம் கொடுக்கும்வரை விடவில்லை.

எங்கள் ஊர் என்றால் மட்டும் வாயே திறக்க மாட்டார்.

பிள்ளைகளைச் சபையின் முழு உறுப்பினராகச் சேர்க்கும் திடப்படுத்தல் ஆராதனைக்கு வந்தபோதுகூட அப்படித்தான். மற்ற ஊர்ப் பிள்ளைகளை ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் காலனிப் பிள்ளைகளை மட்டும் முந்தின நாளே வரிசையில் நிறுத்தி, விசுவாசப் பிரமாணத்தைப் புத்தகம் பார்க்காமல் சொல்ல வைத்தார். நான் பாதியில் மாட்டிக்கொண்டேன். "அடுத்த வருஷம் வா" என்று அனுப்பிவிட்டார். எனக்குப் புதுச் சட்டை எடுத்து வைத்திருந்த அம்மா, அவரோடு ரொம்ப நாள் பேசவில்லை.

அது போகட்டும். எங்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் பாதை கிடையாது. வயல் வரப்பில்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். மழை பெய்தால் முழங்கால் சேறு. வாய்க்கால் ஓரத்து அரசு நிலத்தில் ரோடு போடச் சொல்லி மனு கொடுத்துக் கொடுத்து அலுத்துவிட்டது. பிஷப் ஒரு போன் போட்டால் நடந்துவிடும். எல்லோருக்கும் தெரியும்.

அவருடைய அம்மா இறந்தது ஐப்பசி மழையில். ஊதா அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவரே பெட்டிக்குத் தோள் கொடுத்து வரப்பில் வந்தார். வழுக்கி விழப்பார்த்தார். அடக்கம் முடிந்து கால் கழுவும்போது அப்பா கேட்டார்.

"இன்னா அண்ணாத்த, இப்பவாவது கலெக்டராண்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"இப்பக் கேட்டா எங்கம்மாவுக்காகக் கேட்டேன்னு சொல்லுவாங்கடா."

"சொல்லிட்டுப் போறானுங்க. உனுக்கு இன்னா?"

பெரியப்பா மறு காலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்.

யார் சொல்லியிருப்பார்கள் பெரியப்பா? சொந்த ஊருக்குச் செய்தார் என்று ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது... அதற்கு நாங்கள் சேற்றில் நடக்க வேண்டுமா?

ரிட்டயர் ஆனபிறகு கேளம்பாக்கத்தில் மகன் பிளாட்டில் இருந்தார். பார்க்கப் போகும்போதெல்லாம் ஒன்றுதான் சொல்வார். "என்னை அம்மா பக்கத்துல வச்சிடுங்க."

இன்று செய்தி கேட்டதுமே அப்பா கத்தியை எடுத்துக்கொண்டு, அந்தக் கல்லறைப் பக்கத்தில் முள் வெட்டப் போய்விட்டார்.

மத்தியானம் பெரியப்பா மகன் போன் செய்தார். பிஷப்புகள் எல்லாம் வருகிறார்களாம், மந்திரி வருகிறாராம். "அங்க வண்டி வராதுடா தம்பி. மழை வேற. சிட்டியிலயே அடக்கம்னு கமிட்டியில முடிவு பண்ணிட்டாங்க."

வரப்பிலேயே போய் அப்பாவிடம் சொன்னேன். நிமிரவே இல்லை.

"வண்டி வரலன்னா? நாங்க இன்னா செத்தா பூட்டோம்?"

அதை அப்படியே பெரியப்பா மகனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "கமிட்டி முடிவுடா" என்றார் மறுபடியும்.

நாளைக்குக் காலனியிலிருந்து வேன் பேசியிருக்கிறது. அப்பா வரமாட்டாராம். இன்னும் கொஞ்சம் முள் பாக்கி இருக்கிறதாம்.

போய் வாருங்கள் பெரியப்பா... எனக்கு இன்னும் கோபம் போகவில்லை.