படத்தை வரைந்தது யார்?

நர்சான நான் இன்று கை ரிக்‌ஷாவில் ராயபுரம் குப்பத்துக்குப் போனேன். வயதுக்கு வந்த பெண்களுக்கு மாதவிடாய் பற்றிச் சொல்ல, கர்ப்பப்பைப் படம் ஒன்றை விரித்தேன்.

மீன் விற்கும் ஓர் அம்மாள் தன் மகள் கஸ்தூரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னா படம் இது? வரைஞ்சது யாரு?”

“ஒரு டாக்டரும்மா.”

“ஆம்பளயா?”

“ஆமாம்மா.”

“ஏந்திரு கஸ்தூரி, வூட்டுக்குப் போலாம்.”

கஸ்தூரி எழவில்லை. “அந்தாளுக்கே தெரிஞ்சுகீது. என் ஒடம்பு, எனக்குத் தெரியக்கூடாதாம்மா?”

அம்மாளும் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, கடைசிவரை என்னை முறைத்தாள்.

கிளம்பும்போது, “கொயந்த பொறக்காம பண்ற மருந்து எதுனா வச்சிகீறியா?” என்று என் பையைச் சோதித்தாள். துணியும் சோப்பும்தான் இருந்தன. சோப்பை முகர்ந்து பார்த்த பிறகே பையைக் கொடுத்தாள்.

நர்சுத் தோழிகளே, உங்கள் பகுதித் தாய்மார்கள் எப்படி?