மேட்டுக்கு ஏறிய தண்ணீர்

அனுமந்தன்பட்டி பீட்டர்ராஜ் பாசனப் பிரிவில் லஸ்கராக இருந்தார். வாய்க்கால் கரையில் நடப்பதும், மடைப் பலகையை ஏற்றி இறக்குவதும், நீர்மட்டம் பார்த்துக் குறிப்பதும்தான் வேலை. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அவர் தன் விருப்பப்படி மடை திறந்ததில்லை. எவ்வளவு திறக்க வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு வரும். அது போதாது என்று கீழிருந்து வசவு வரும். இரண்டையும் வாங்கிக்கொண்டு சைக்கிளில் வீடு திரும்புவார்.

2005-ல் மகளின் கல்லூரித் தேர்வு முடிவைப் பார்க்க உத்தமபாளையத்தில் தேவயானி என்ற பெண் நடத்திய பிரவுசிங் சென்டருக்குப் போனார். இணையம் வருவதும் போவதுமாக இருந்தது. பக்கத்து நாற்காலியில் கோம்பை டிராக்டர் டிரைவர் ஒச்சாண்டி 'டெல்டா லார்ட்ஸ்' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டை விளையாடிக்கொண்டிருந்தார். ஆளுக்கு ஒரு நாடு. ஆற்றை மறித்து, வாய்க்கால் வெட்டி, பயிர் வைத்து, படை திரட்டி அடுத்தவன் நாட்டைப் பிடிக்க வேண்டும். ஒச்சாண்டியின் பயிர் வாடிக்கொண்டிருந்தது.

"தம்பி, அந்த மொத மடையை அரையடி இறக்குங்க. அம்புட்டையும் அதுவே குடிச்சிருது" என்றார் பீட்டர்ராஜ்.

இறக்கியதும் கடைசி வயல் பச்சையானது. மகள் தேறிவிட்டாள் என்று தேவயானி வந்து சொன்னபோது பீட்டர்ராஜ் ஒச்சாண்டியின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

இரண்டு வருடம் விளையாடினார். வேலை முடிந்து தினமும் ஒரு மணி நேரம். அவர் படையே வைத்துக்கொள்ளவில்லை. எதிரி வந்தால் மேல்மடையை மூடிவிடுவார். நாலு நாளில் குதிரைகள் தாகத்தில் படுத்துவிடும். எதிரி வெள்ளைக்கொடி காட்டியதும் மடையைத் திறந்து அவன் குதிரைகளுக்கும் தண்ணீர் விடுவார். கரையில் நின்று அவரை வைவதற்கு அந்த நாட்டில் ஒருவர்கூட இல்லை.

2007-ல் இரண்டாம் பாகம் வந்தது. தேவயானி அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய அன்று பீட்டர்ராஜ் சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பத்தே நிமிடம்தான். எழுந்து நின்றுவிட்டார்.

"என்னண்ணே ஆச்சு?" என்றார் தேவயானி.

"ஏத்தா, தண்ணி மேட்டுக்கு ஏறுது."

உண்மைதான். குன்றில் பயிர் வைக்க முடியவில்லை என்று முதல் பாகத்தில் பலர் குறைப்பட்டிருந்தார்கள். அதனால் கம்பெனிக்காரர்கள் வாய்க்காலை எந்தப் பக்கம் இழுத்தாலும் தண்ணீர் போகும்படி செய்துவிட்டார்கள். ஒச்சாண்டிக்கு இதில் குறையே இல்லை. குன்றின் உச்சியில் கோட்டை கட்டி, சுற்றிலும் வாழை போட்டுவிட்டார். இந்தப் பாகத்தில் குதிரைகள் ஏனோ நொண்டி நடந்தன; அது மட்டும்தான் அவருக்குப் பிடிக்கவில்லை.

பீட்டர்ராஜுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் முறைப்படி போட்டு நாலு பக்கம் எழுதினார். 'பொருள்: டெல்டா இரண்டு – வாய்க்காலில் நீர் மேட்டை நோக்கி ஏறுதல் – உடன் சரிசெய்யக் கோருதல் தொடர்பாக.' தேவயானி அதை ஆங்கிலத்தில் மாற்றி, கம்பெனியின் இணையப் பக்கத்தில் புகார் எழுதும் இடத்தில் போட்டார். உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ பதில்கள் வந்தன. பாதிப்பேர் தண்ணீர் கிடக்கட்டும், வில்லாளிகளைச் சரிசெய்யுங்கள் என்றார்கள்.

"வில்லாளி என்னத்துக்கு? குடிக்கத் தண்ணி ஒழுங்கா வராத நாட்டுல எவன் அம்பு விடுவான்?" என்று கொதித்தார் பீட்டர்ராஜ். அதையும் மொழிபெயர்த்துப் போடச் சொன்னார்.

சிக்கல் வேறு இடத்திலிருந்து வந்தது. நகல் வைக்காமல் கடிதம் எழுதி அவருக்குப் பழக்கமில்லை. கை தன்னால் 'நகல்: பிரிவு அலுவலகம்' என்று எழுதியிருந்தது. எழுதிய பிறகு அனுப்பாமல் இருப்பது முறையில்லை என்று தபாலிலும் சேர்த்துவிட்டார். அங்கே டெல்டா இரண்டு என்பதை ஏதோ கிளை வாய்க்கால் என்று எடுத்துக்கொண்டு, மனுவுக்கு எண் போட்டு, ஏழு நாளில் நேரில் ஆய்வு செய்து அறிக்கை தர வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள்.

உதவிப் பொறியாளர் மாரிசெல்வம் வேலையில் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. டேப், குறிப்பேடு எல்லாம் எடுத்துக்கொண்டு கரைக்கு வந்தார்.

"பீட்டர்ராஜ், புகார் குடுத்தது நீங்கதானா?"

"ஆமா சார்."

"டெல்டா ரெண்டுங்கிறது எங்கன இருக்கு?"

"உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல, மாடியில சார். மூணாவது கம்ப்யூட்டர்."

மாரிசெல்வம் அதை எழுதி முடித்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். பீட்டர்ராஜ் நடந்ததை மறைக்காமல் சொன்னார்.

"அப்ப மனுவை வாபஸ் வாங்கிருங்க."

"புகார் நெசம் சார். நெசத்தை எப்படி வாபஸ் வாங்குறது?"

மாரிசெல்வம் குறிப்பேட்டை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு, "பார்க்காம நானும் எப்படி அறிக்கை எழுதுறது? வாங்க, போவோம்" என்றார்.

ஆய்வு மூன்று நாள் நடந்தது. முதல் நாள் நீரோட்டம் பார்த்தார். இரண்டாம் நாள் ஒரு நாடு அமைத்தார். மூன்றாம் நாள் ஒச்சாண்டியிடம் அந்த நாட்டைத் தோற்றார். அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுதினார்: 'புகார் உண்மை. நீர் சுமார் நாற்பது அடி மேல்நோக்கி ஏறுகிறது. கசிவு இல்லை. இடம் நமது எல்லைக்குள் வரவில்லை.' சர்வே எண் கேட்டு ஒரு கடிதம் வந்தது. இல்லை என்று எழுதினார். எண் இல்லாத நிலத்தில் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாததால் அதற்குமேல் கடிதம் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து கம்பெனி ஒரு திருத்தம் அனுப்பியது. அதுவரை பீட்டர்ராஜ் ஆற்றங்கரைப் பள்ளத்தில் மட்டும் மடை கட்டி விளையாடிவந்தார். தேவயானி அதை ஏற்றியதும் திரையில் தண்ணீர் ஒரு நொடி தயங்கி, திரும்பி, பள்ளத்தைப் பார்த்து ஓடியது. பீட்டர்ராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சென்டரில் இருந்த எல்லோருக்கும் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் ஒச்சாண்டி டிராக்டரிலேயே அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். வாசலில் நின்று கத்தினார்.

"பீட்டரண்ணே! உங்களால என் வாழை பூராவும் கருகிப்போச்சு. சனம் தண்ணியில்லாம கோட்டையை விட்டு எறங்குது. வந்து ஒரு பதில் சொல்லுங்க!"

பீட்டர்ராஜின் மனைவி இன்னாசியம்மாள் அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். "எந்தக் காட்டுக்குங்க தண்ணி விடாம வந்தீக? பாவம், அவுக வாழை கருகிப்போச்சாமுல்ல!"

பீட்டர்ராஜ் சட்டையை மாட்டிக்கொண்டு ஒச்சாண்டியோடு டிராக்டரில் ஏறினார். தானும் வருவேன் என்று இன்னாசியம்மாளும் ஏறிக்கொண்டார். சென்டர் மாடிக்குப் போய்ச் சேர்ந்ததும் பீட்டர்ராஜ் ஆற்றங்கரையில் இருந்த தன் நஞ்சையில் பாதியை ஒச்சாண்டிக்கு எழுதிக்கொடுத்தார். குன்றிலிருந்து இறங்கிய சனம் வரிசையாக வந்து குடிசை போட்டது. "சரிண்ணே. மனசு ஆறிருச்சு" என்றார் ஒச்சாண்டி.

இன்னாசியம்மாள் திரையை வெகுநேரம் பார்த்தார்.

"எல்லாம் சரிங்க. இதுல நம்ம வீடு எங்கன இருக்கு?"

அத்தனை மடை கட்டியவர் வீடு கட்டவில்லை. ராஜாவுக்கு அரண்மனை வேண்டும் என்று அந்த விளையாட்டு பலமுறை கேட்டும் தள்ளிப்போட்டிருந்தார்.

"எந்திரிங்க" என்று சொல்லி இன்னாசியம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தார். தேவயானி மவுஸ் பிடிக்கக் காட்டிக்கொடுத்தார். ஆற்றுக்குப் பக்கத்தில் வேண்டாம், ஈரம் ஏறும் என்று தள்ளி ஓரிடத்தில் அரண்மனையை வைத்தார். பின்பக்கம் ஒரு கோழிக்கூடு வைக்கப் பார்த்தார். விளையாட்டில் கோழி கிடையாது.

"ராசா வீட்டுல கோழி வளக்க மாட்டாகளாக்கும்?" என்று தேவயானியைக் கேட்டார். கோழிக்குப் பதிலாக நொண்டிக் குதிரை ஒன்றைக் கொல்லையில் கட்டிவிட்டு, இருக்கட்டும் என்று எழுந்தார்.