மூக்கின் கீழே பிடித்த கண்ணாடி

உள்ளங்கையளவு வட்டக் கண்ணாடி அது. பெரிய டாக்டர் அதை என் மகளின் மூக்குக்குக் கீழே பிடித்து, "பாப்பா சொல்லும்மா" என்பார். சொன்னதும் கண்ணாடி மங்கும். வாய்வழி வரவேண்டிய காற்று மூக்குவழி கசிகிறது என்று அர்த்தம். மேலண்ணத்தில் பிளவோடு பிறந்தவள் அவள். கைக்குழந்தையில் அதைத் தைத்து மூடியவர் அவர்தான். பால் மூக்கில் ஏறுவது நின்றதும் திருநள்ளாற்றில் எள் விளக்கு ஏற்றிவிட்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்றே இருந்தோம். பேச்சுதான் தெளியவில்லை. எங்கள் ஊர் நெரவிப் பள்ளிக்கூடத்தில், "ஏ மூக்கி, இன்னொருக்கா சொல்லு" என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

அவருடைய ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் இருந்தது. தைத்த பிள்ளைகளின் பேச்சைப் பதிவு செய்து, பெயர் சொல்லாமல் ஒலிக்கவிடுவார்கள். டாக்டர்கள் எல்லோரும் கேட்டு மார்க் போடுவார்கள். யார் தைத்தது என்பது பிறகுதான் தெரியும். என் மகளின் குரலுக்கு ஆகக் குறைந்த மார்க் போட்டுவிட்டு, "யாருய்யா தச்சது இத?" என்று சிரித்தவர் பெரிய டாக்டரே. என்னை உட்காரவைத்து அவரே இதைச் சொன்னார். ஓட்டையை மூடியதோடு விட்டுவிட்டேன், உள்தசையைப் பின்னுக்குத் தள்ளிச் சேர்த்திருக்க வேண்டும் என்றார். மறுபடி ஆபரேஷன் செய்து பார்த்தார். தழும்பேறிய சதை நீளவில்லை. வீட்டில் பழகச் சொல்லி அந்தக் கண்ணாடியை அவளிடமே கொடுத்தார்.

அதன்பின் அவர் தைக்கும் முறையே மாறிற்று. சில வருஷம் கழித்து, புது முறையில் தைத்த காரைக்கால்மேட்டுப் பையன் ஒருவனை எங்கள் முன்னே நிறுத்தினார். "பாப்பா" என்றான். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. "ஒன்னாலதாம்மா இவன் பேசுறான்" என்று டாக்டர் என் மகளின் தலையைத் தடவினார். பையனின் அப்பா, மீன்பிடிக்கிறவர், என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க புள்ளக்கிப் பெரிய புண்ணியங்க" என்றார். நானும் ஈசன் செயல் என்று கும்பிட்டேன். திரும்பும் பஸ்ஸில் மகள் சொன்னாள்: "அவன் எனக்கு முன்னாடி பொறந்திருக்கலாம்லப்பா."

பெரிய டாக்டர் இப்போது இல்லை. சனிக்கிழமை விளக்கில் அவருக்கும் ஒன்று வைக்கிறேன். அவர் கையால் நன்றாகப் பேசும் பிள்ளைகள் நிறைய. இன்று என் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். போனமுறை வந்த அம்மாள், "பொண்ணு வாய தொறக்காம இருந்தா லட்சணமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அறைக்குள் மகள் அந்த வட்டக் கண்ணாடியை மூக்குக்குக் கீழே பிடித்துத் தன் பெயரைச் சொல்லிப் பார்க்கிறாள். முந்தானையால் துடைக்கிறாள். மறுபடி சொல்கிறாள்.